வெள்ளிக்கிழமை பிரஷர்

நாசரேத்
12 பிப்ரவரி 2024

ஜெஸ்மி அப்பாவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். நேற்று போனில் நீங்கள் கத்தியதையும் நான் பதிலுக்குக் கத்தியதையும் ஹாஸ்டல் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வார்டன் சண்டை போடுகிற சத்தத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படி மண்டையில் ஏறும்? அது போகட்டும். நீங்கள் கத்தினால் உங்கள் பிரஷர் ஏறும். அதனால் இனிமேல் நமக்குள் போன் கிடையாது. கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், எனக்குக் காது வலிக்காது. நம் பக்கத்துத் தெரு கிருபாபாய் டீச்சர் தினமும் அங்கிருந்து இங்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறார்கள் அல்லவா? அவர்கள் சாப்பாட்டுப் பையில் கடிதம் வரும், போகும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தபோது உங்களுக்குத் தலை சுற்றியது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றீர்கள். “யார்ட்டயும் சொல்லிராத” என்றீர்கள். நான் சொன்னேன். வருஷ மெடிக்கலுக்கு முந்தின நாள் உங்கள் கம்பெனி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நான்தான் சொன்னேன். அதனால்தான் அவர்கள் அவசரப்படாமல் உட்கார வைத்து, திரும்பத் திரும்பப் பிரஷர் பார்த்தார்கள். எத்தனை தடவை பார்த்தும் 180-க்குக் குறையவில்லை. உங்களைக் கிரேனை விட்டு இறக்கி எடைமேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். மார்ச் 15-ம் தேதி மறு மெடிக்கல். அதற்குள் பிரஷர் இறங்கவில்லை என்றால் கிரேனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள், ரிட்டையர் ஆகும்வரை உங்களுக்குத் தரைதான்.

“காட்டிக் கொடுத்தவள்” என்று நேற்று சொன்னீர்கள். ஆமாம். நாளைக்கு இதே மாதிரி நடந்தாலும் காட்டிக் கொடுப்பேன். பன்னிரண்டு மாடி உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னரைத் தூக்குகிற மனுஷன் மயங்கிச் சாய்ந்தால், கீழே நிற்கிறவன் பெண்டாட்டிக்கு நானா பதில் சொல்வது? உங்களுக்கு ஏதாவது ஆனால் ஜெஸ்மிக்கு என்ன சொல்வது?

மாத்திரை தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. விடாமல் போடுங்கள். நிரந்தர வார்டன் பிரசவ லீவில் போய், அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால் பரீட்சை எல்லாம் முடிகிறவரை நான் இந்தப் பிள்ளைகளை விட்டு வர முடியாது. நீங்கள் கிரேனில் ஏற வேண்டும். உங்களுக்கு எவ்வளவு பிடிவாதமோ அதைவிட எனக்கு அதிகம்.

ஜீவமணி


தூத்துக்குடி
17 பிப்ரவரி

ஜீவமணி டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. பரீட்சைப் பேப்பரைத் திருத்திக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. கிருபாபாய் டீச்சர் கொடுத்த கையோடு “பதில் உண்டா அண்ணாச்சி?” என்று கேட்டு, நான் இல்லை என்று சொல்வதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எடைமேடையில் என் வேலை என்ன தெரியுமா? லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். எடை விழும். சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். சீட்டை வாங்குகிற டிரைவர் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கேபினில் என் காலுக்குக் கீழே கண்ணாடி. குனிந்தால் கப்பலின் வயிறு தெரியும். நிமிர்ந்தால் முயல் தீவு, அதைத் தாண்டிச் சங்கு குளிக்கப் போகிற வள்ளங்கள். இங்கே நிமிர்ந்தால் லாரியின் பின்பக்கம். ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருக்கிறது. எழுப்பத்தான் தோன்றுகிறது.

மாத்திரைக்கு வருகிறேன். ஒரு வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் டிஸ்பென்சரிக்கு வந்து பிரஷர் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. நேற்றுப் பார்த்தார்கள். 176. ஒரு வாரம் மாத்திரை தின்று நாலே நாலு இறங்கியிருக்கிறது. தலைவலி மாத்திரை போட்டால் டீ ஆறுவதற்குள் வலி நிற்கிறது. வயிற்றுப்போக்கு மாத்திரை அன்றைக்கே நிறுத்துகிறது. இது என்ன மாத்திரை?

புதன்கிழமை சாம்பல் புதன் ஆராதனைக்குப் போனேன். நீ நம்ப மாட்டாய். போதகர் ஐயரே நம்பவில்லை. “என்ன அண்ணாச்சி, வழி தெரியாம வந்துட்டீங்களா?” என்று வாசலில் வைத்துக் கேட்டார்.

நீ செய்தது சரி என்று நான் சொல்லப் போவதில்லை. என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். என் முதுகுக்குப் பின்னால் போன் போட்டாய். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செல்வதுரை
கிரேன் ஆபரேட்டர் (தற்சமயம் தரையில்)


நாசரேத்
21 பிப்ரவரி

ஜெஸ்மி அப்பாவுக்கு,

நீங்கள் கோயிலுக்குப் போனதைக் கேட்டு இங்கே மழை வருமோ என்று பார்த்தேன். டிசம்பர் வெள்ளமே போதும் என்று விட்டுவிட்டது போல.

உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தை டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். (இந்தப் போனை முன்கூட்டியே உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், கணக்குத் தீர்ந்தது.) அவர்கள் சொன்னது இது: “மேடம், மாத்திரை போட்ட அன்னைக்கே வேலையை ஆரம்பிச்சிரும். ஆனா அண்ணாச்சி உடம்பு பல வருஷமா இந்தப் பிரஷருக்குப் பழகிக் கெடக்கு. ரத்தக் குழாய் இறுக்கம் விட்டு, புது அளவுல நிலைச்சு நிக்கதுக்கு ரெண்டு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய நாலு வாரம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ஒரு நாள்கூட விடக் கூடாது. வேலை செய்யலன்னு நினைச்சுத் தானா நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது.”

எனக்கு இது புரிந்தது. ஹாஸ்டலில் புதிதாகச் சேர்கிற பிள்ளை முதல் வாரம் மணியடித்தாலும் எழுந்திருக்காது, சாப்பிடாது, அம்மா அம்மா என்று அழும். பிள்ளை சரியில்லை என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோமா? ஒரு மாதம் தினமும் ஒரே நேரத்தில் மணியடித்தால், பிறகு மணிக்கு முன்னாலேயே அது எழுந்து பல் தேய்க்கும். உங்கள் ரத்தக் குழாயும் அப்படித்தான். மணியை நிறுத்தாதீர்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைப் பரணில் ஏற்றுங்கள். உங்கள் துறைமுகக் கூட்டாளி மனுவேல் அண்ணன் வீட்டிலிருந்து கருவாடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். அப்பளமும் வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஜீவமணி


தூத்துக்குடி
2 மார்ச்

ஜீவமணி டீச்சருக்கு,

மணியடித்து மணியடித்துக் கை வலிக்கிறது. பிள்ளை எழுந்திருக்கவில்லை.

போன வெள்ளி 174. நேற்று 172. நீ சொன்ன இரண்டு வாரம் போய் மூன்றாவது வாரமும் முடிந்தது. டாக்டரம்மா என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். “ஒழுங்கா போடுதீங்களா அண்ணாச்சி?” என்கிறார்கள். போடுகிறேன் என்கிறேன். “நிஜமாவா?” என்கிறார்கள். இந்த வயதில் ஒரு மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

நீ நம்புவதற்காகக் காலி மாத்திரை அட்டை இரண்டையும் இதற்குள் வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

ஊறுகாய் பரணில் இருக்கிறது. மனுவேல் பெண்டாட்டி கொடுத்துவிட்ட சீலாக் கருவாட்டைத் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் மனுவேலுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுக்கவில்லையாம். சுற்றிலும் உப்பளம். நடுவில் உப்பில்லாமல் சாப்பிடுகிறவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

மனுவேல் வேறு உசுப்பேற்றுகிறான். “ஏலே தொர, எம் மாத்திரையில ரெண்டு போட்டுப் பாரு. எனக்கு ரெண்டே வாரத்துல சட்டுன்னு எறங்கிச்சு. ஒனக்குக் குடுத்தது வெறும் சுண்ணாம்புலே” என்கிறான். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் போடவில்லை. எத்தனை நாள் பொறுப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் கிரேனில் இப்போது புதிதாக ஒருத்தனை உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். கன்டெய்னரை ‘டம்’ என்று வைக்கிறான். எடைமேடை வரைக்கும் கேட்கிறது. என் பல் கூசுகிறது.

செல்வதுரை
கிரேன் ஆபரேட்டர் (தரையில்)


நாசரேத்
5 மார்ச்

ஜெஸ்மி அப்பாவுக்கு,

அட்டையை எண்ணினேன். காலியாகத்தான் இருக்கிறது. அட்டையைக் காலி பண்ண வாய் எதற்கு? விரல் போதும்.

ஜெஸ்மி ஆறாவது படிக்கும்போது உங்களுக்குக் காய்ச்சல் வந்து மாத்திரை கொடுத்தார்களே, அது குரோட்டன்ஸ் தொட்டியில் மண்ணுக்குள் கிடந்ததை நான் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நான் மறக்கவில்லை. மூன்று வாரம் விடாமல் போட்ட மாத்திரை எட்டே எட்டுதான் இறக்குமா? ஒன்று, நீங்கள் போடவில்லை. இல்லையென்றால் போட்ட மாதிரி என்னை ஏய்க்கிறீர்கள். என் மேலிருக்கிற கோபத்தில் உங்கள் உடம்பைப் பழிவாங்க வேண்டாம். வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள். நாலு பக்கத்துக்குத் திட்டுங்கள். மாத்திரையைப் போடுங்கள்.

மனுவேல் அண்ணன் மாத்திரையைத் தொடக் கூடாது. அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. அவருக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லி என்று உங்களுக்குத் தெரியுமா? அவருக்கே தெரியாது.

இன்னும் பத்து நாள் இருக்கிறது.

ஜீவமணி


தூத்துக்குடி
7 மார்ச்

ஜீவமணிக்கு,

முதலில் காட்டிக் கொடுத்தாய். இப்போது பொய்யன் என்கிறாய்.

நான் மாத்திரை போடுகிறேன். ஒன்று விடாமல் போடுகிறேன். இதற்கு மேல் சத்தியம் பண்ண மாட்டேன்.

மனுவேல் கொடுத்ததை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. இன்னொருத்தன் மாத்திரையில் இறங்கி, ‘பார், மனுவேலால்தான் ஏறினான்’ என்கிற பேர் எனக்கு வேண்டாம்.

எனக்கு ஒன்றும் இல்லை. அந்த மிஷின்தான் கோளாறு. நான் கிரேன் படியில் ஏறிக் காட்டுகிறேன். அப்புறம் பேசலாம்.

செல்வதுரை


நாசரேத்
10 மார்ச், ஞாயிறு

ஜெஸ்மி அப்பாவுக்கு,

நேற்று சாயங்காலம் மனுவேல் அண்ணன் போன் பண்ணினார். “தங்கச்சி, பயப்படாத. தொர நல்லாத்தான் இருக்கான். மத்தியானம் யார்ட்டயும் சொல்லாம கிரேன் படியில ஏறிட்டான். மூணாவது தட்டுல கண்ணு இருட்டி உக்காந்துட்டான். நாந்தான் தோள்ல கைபோட்டு எறக்கியாந்தேன்” என்றார். பயப்படாதே என்று சொல்லிவிட்டு இதைச் சொன்னால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? பிள்ளைகளைச் சமையல்கார அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி உங்கள் முன்னால் உட்கார்ந்து கஞ்சி ஊற்றித் தந்தேன். நீங்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை. வாயைத் திறந்தால் நான் கத்துவேன் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் விடிந்ததும் வந்துவிட்டேன். கேட்க வேண்டியதை இங்கே கேட்கிறேன்.

முதலில் மன்னிப்பு. நீங்கள் தூங்கும்போது குரோட்டன்ஸ் தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூட இல்லை. குப்பைக் கூடையிலும் இல்லை. பரணில் ஊறுகாய்ப் பாட்டில் தூசி படிந்து இருக்கிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களை அப்படி எழுதியது தப்பு. மனதாரச் சொல்கிறேன்.

இப்போது என் கேள்வி. டிஸ்பென்சரிச் சீட்டு மேஜை மேல் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் 178. சனிக்கிழமை, உங்களைப் படியிலிருந்து இறக்கிய பிறகு பார்த்தது, 100. அதனால்தான் கண் இருட்டியது. பிரஷர் கூடியதால் இல்லை, அளவுக்கு மீறி இறங்கியதால்.

வெள்ளிக்கிழமை வேலையே செய்யாத மாத்திரை சனிக்கிழமை எப்படி இவ்வளவு வேலை செய்யும்? மாத்திரை அதேதான். மனுஷனும் அதேதான். அப்படியென்றால் அந்த இரண்டு நாளில் நீங்கள் செய்தது வேறு வேறாக இருக்க வேண்டும்.

வியாழன் ராத்திரி தொடங்கிச் சனிக்கிழமை மத்தியானம் வரை உங்கள் வாய்க்குள் என்னென்ன போனது என்று எழுதி அனுப்புங்கள். காபி, தண்ணீர், மாத்திரை, வெற்றிலை எல்லாம். நான் கோபப்பட மாட்டேன். என்ன இருந்தாலும் கோபப்பட மாட்டேன்.

ஜீவமணி


தூத்துக்குடி
12 மார்ச், செவ்வாய்

ஜீவமணிக்கு,

வியாழன் ராத்திரி மூன்று இட்லி. வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலை நாலு தோசை, காபி, மாத்திரை இரண்டு.

வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை என்றால், பகல் முழுக்க ஒன்றுமே இல்லை. தண்ணீரும் இல்லை. சாயங்காலம் ஆராதனை முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து வாயில் ஏதாவது போடுவேன். புதன்கிழமையும் அப்படித்தான். சாம்பல் புதனிலிருந்து இருக்கிறேன்.

உபவாசம்.

சிரிக்காதே. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நீ உபவாசம் இருக்கும்போதெல்லாம் ‘அரிசி மிச்சம்’ என்று கேலி பண்ணினவன் நான்தான். நான் இருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? அதோடு, நம் சபையில் ஒரு அம்மா உபவாசம் இருப்பதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோது நீ என்ன சொன்னாய்? “வெளியே சொன்னா அது உபவாசம் இல்ல, விளம்பரம்” என்றாய். அது என் மனதில் ஒட்டிக்கொண்டது. அதனால் உன்னிடம் சொல்லவில்லை, மனுவேலிடம் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடைமேடைக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை என்று சீட்டில் இருக்கிறது. சாப்பாடே இல்லாத நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது? வெறும் வயிற்றில் போட்டால் ஏதாவது ஆகுமோ என்று ஒரு பயம். தண்ணீர் குடித்தால் உபவாசம் முறிந்துவிடுமே என்று இன்னொரு பயம். அதனால் புதன் மாத்திரையை வியாழனும் வெள்ளி மாத்திரையைச் சனியும் சேர்த்துப் போட்டுவிடுவேன். ஒன்றுகூட விடவில்லை என்று நான் எழுதியது நிஜம்தான். அட்டையும் பொய் சொல்லவில்லை.

இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. டாக்டரம்மா பிரஷர் பார்ப்பது வெள்ளிக்கிழமை.

எதற்காக உபவாசம் இருக்கிறேன் என்று மட்டும் கேட்காதே.

நாளைக்குப் புதன்கிழமை. என்ன செய்யட்டும்?

செல்வதுரை


நாசரேத்
13 மார்ச், மத்தியான இடைவேளை

ஜெஸ்மி அப்பாவுக்கு,

கிருபாபாய் டீச்சர் பையைத் திறந்து கொடுப்பதற்குள் நானே கையை விட்டு எடுத்துவிட்டேன். டீச்சர்ஸ் ரூமில் உட்கார்ந்து வாசித்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கணக்கு டீச்சர் ஓடிவந்து “என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?” என்று கேட்டார்கள். “எங்க வீட்டுல ஒருத்தர் திருந்திட்டார்” என்று சொன்னேன்.

எதற்காக என்று கேட்க மாட்டேன். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது.

ஆனால் டாக்டரிடம் ஒளிக்கிறது உபவாசத்தில் சேராது. நீங்கள் மருந்துக்கு நாலு வாரம் கொடுக்கவில்லை, புரிகிறதா? ஒரு நாள் மணியை அடிக்காமல் விட்டு, மறுநாள் இரண்டு தடவை அடித்தால் எந்தப் பிள்ளை எழுந்திருக்கும்? அது பயந்து கட்டிலிலிருந்து விழும். சனிக்கிழமை விழப் பார்த்தது அதுதான்.

இங்கே ஐயரிடம் யார் என்று சொல்லாமல் கேட்டேன். “மாத்திரையும் அதை முழுங்க ஒரு வாய்த் தண்ணியும் உபவாசத்தை முறிக்காதும்மா. டாக்டர் சொன்னபடி செய்யச் சொல்லுங்க” என்றார். பிறகு, “செல்வதுரை அண்ணன்தானே?” என்று கேட்டார். நாசரேத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

வெள்ளிக்கிழமை மறு மெடிக்கல். அதற்கு முன் டாக்டரம்மாவுக்கு இது தெரிய வேண்டும். கையில் போன் இருக்கிறது, நம்பர் இருக்கிறது. நான் பண்ண மாட்டேன். போன தடவை நான் சொன்னேன். இந்தத் தடவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் டிஸ்பென்சரிக்குப் போங்கள். உபவாசத்தைச் சொல்லுங்கள், இரண்டு மாத்திரை போட்டதைச் சொல்லுங்கள், படியில் ஏறியதையும் நீங்களே சொல்லுங்கள். அவர்கள் ‘உனக்குக் கிரேனே கிடையாது’ என்று சொன்னாலும் சொல்லட்டும். மறைத்துவிட்டு ஏறுவதைவிடச் சொல்லிவிட்டுத் தரையில் நிற்கலாம்.

இன்று மாத்திரை போடவில்லை என்றால், அவர்களைக் கேட்காமல் நாளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

ஜீவமணி


தூத்துக்குடி
16 மார்ச்

ஜீவமணிக்கு,

சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் போய் நின்றேன். நான் சொல்லச் சொல்ல டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்கள். கோபம் அவர்கள் மூக்கு நுனியில் நின்றது. “அண்ணாச்சி, இன்னும் ஒரு வாரம் போயிருந்தா, இந்த மாத்திரை ஒங்களுக்கு ஒத்துக்கலன்னு நெனச்சு இதைவிடப் பலமான மருந்தைக் குடுத்திருப்பேன். அதையும் ரெண்டு ரெண்டா முழுங்கிட்டு நீங்க படியேறியிருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க?” என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் பெஞ்சு மேல் ஏறி நின்ற மாதிரி இருந்தது.

அப்புறம் சொன்னார்கள்: இந்த மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். நேரம்தான் முக்கியம். காலை ஏழு மணி என்றால் தினமும் ஏழு மணி. மறந்தால் மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது. சூப்பர்வைசரும் வந்தார், படியில் ஏறியதற்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மெடிக்கலைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஏப்ரல் 12. “இன்னைக்குத்தான் மாத்திரை ஆரம்பிக்குன்னு வச்சுக்கிடுங்க. நாலு வாரம். அதுக்கு மேல தவணை கேட்டா என் கையில இல்ல” என்றார்கள். ஒரு மாதத்தை நானே வீணடித்துவிட்டேன், மணி. உன்மேல் போட்ட பழியில் பாதி என்னுடையது.

புதிதாக வந்த பையன் நேற்று ஒரு கன்டெய்னரைச் சத்தமில்லாமல் வைத்தான். நன்றாகத்தான் வருவான் போல. அதுதான் கவலை.

செல்வதுரை
கிரேன் ஆபரேட்டர் (தரையில்)


நாசரேத்
25 மார்ச்

ஜெஸ்மி அப்பாவுக்கு,

நாளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பம். பிள்ளைகளைவிட எனக்குத்தான் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. அது அவர்கள் பரீட்சைக்கா உங்கள் பரீட்சைக்கா என்று தெரியவில்லை.

எண் எத்தனை என்று நான் கேட்கப் போவதில்லை. மாத்திரை போட்டீர்களா என்றும் கேட்கப் போவதில்லை. இந்த லெந்துவில் நானும் ஒன்றை விடலாம் என்று முடிவு பண்ணினேன். சாப்பாட்டை விடுவது எனக்குச் சுலபம். உங்களைக் கேள்வி கேட்பதை விடுவதுதான் கஷ்டம். அதனால் அதை விட்டிருக்கிறேன். கிருபாபாய் டீச்சர் தானாக ஏதாவது சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்கிறேன். இதை உங்களிடம் சொல்லிவிட்டதால் இது விளம்பரம் ஆகிவிட்டது. ஆகட்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இதெல்லாம் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் கடைசிவரை தரையிலேயே நின்றுவிட்டால், ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்க்கும்போது அந்தப் போன்தானே ஞாபகம் வரும்? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அதனால் நீங்கள் ஏற வேண்டும். உங்களுக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்.

பெரிய வெள்ளி அன்றும் காலை ஏழு மணிதான்.

ஜீவமணி


தூத்துக்குடி
13 ஏப்ரல், சனி

மணிக்கு,

நீ கேட்காததால் நானும் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் வாரம் 164. இரண்டாவது வாரம் 152. இறங்குகிறது என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதினால் மறுபடி ஏறிவிடுமோ என்று விட்டுவிட்டேன். ஈஸ்டர் வாரம் 144-ல் வந்து முரண்டு பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது உன் ஹாஸ்டல் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். தலைவலி மாத்திரை மாதிரி இது வலியை நிறுத்துகிற வேலை இல்லை, பழக்குகிற வேலை. மறுநாளும் ஏழு மணிக்குப் போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன்.

நேற்று டாக்டரம்மா ஒரு கையில் பார்த்தார்கள், மறு கையில் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். 128. கீழே 82. “வெள்ளிக்கிழமை அண்ணாச்சி, வெள்ளிக்கிழமையிலேயே எறங்கிருச்சு” என்று சிரித்தார்கள். இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் திரும்ப ஏறும், தொடர்ந்து போட வேண்டும் என்று சொல்லி, மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சரி என்றேன். சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்று காலை ஷிப்டில் ஏறினேன். மூன்றாவது தட்டில் கொஞ்சம் நின்றேன். கண் இருட்டவில்லை. மனுவேல் கீழேயிருந்து “ஏலே தொர, அங்கன என்னலே பராக்குப் பாக்க, ஏறுலே!” என்று கத்தினான். ஏறினேன். முதல் கன்டெய்னரைச் சத்தம் கேட்காமல் வைத்தேன். கீழே நின்றவன் நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கினான். அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்று நீ எழுதியது அப்போது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் மேலேயிருந்து கன்டெய்னரைத்தான் பார்த்திருக்கிறேன். அவனைப் பார்த்ததில்லை.

எதற்காக உபவாசம் இருந்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பிரஷர் இறங்க வேண்டும் என்று இருக்கவில்லை. கிரேன் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கவில்லை. அதற்கு மாத்திரை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார்கள். உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் இருந்தது. படுத்தால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. எவ்வளவு தள்ளினாலும் போகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன்மேல் அப்படிக் கோபம் வந்ததே இல்லை, எனக்கே பயமாகிவிட்டது. அது போக வேண்டும் என்றுதான் பட்டினி கிடந்தேன்.

நீ ராத்திரி வந்து ஒரு வார்த்தை பேசாமல் கஞ்சி ஊற்றினாயே, அன்றைக்கே அது இறங்க ஆரம்பித்துவிட்டது. முழுதாக நிலைக்கத்தான் இத்தனை வாரம் ஆனது. நீ போன் போட்டது சரிதான், மணி.

செல்வதுரை
கிரேன் ஆபரேட்டர்


நாசரேத்
15 ஏப்ரல்

ஜெஸ்மி அப்பாவுக்கு,

கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் எழுத்து மறைகிறது.

மீதிப் பிள்ளைகளின் பரீட்சையும் அடுத்த வாரம் முடிகிறது. ஹாஸ்டலைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த கையோடு வந்துவிடுவேன்.

அதுவரைக்கும் கடிதம் வேண்டாம். இன்று ராத்திரி போன் பண்ணுங்கள். நம் தெருக்காரி ஒருத்தி பார்த்துவிட்டுச் சொன்னாள்: நீங்கள் ஈஸ்டர் அன்று மனுவேல் அண்ணன் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் கொஞ்சம் கத்த வேண்டும். நீங்களும் கத்தலாம். இப்போது தாங்குவீர்கள்.

ஜீவமணி